பத்துச் சல்லடைக்கும் ஒரு தாய்

மறிச்சுக்கட்டிக் கரையில் முத்து குவிந்த காலத்தில், அந்த முத்துகளின் தரத்தைப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் பிரித்துச் சொல்லின. கையில் அடங்கும் சிறு கிண்ணங்கள் அவை. ஒரு கிண்ணத்தின் அடியில் இருக்கும் துளைகள் எல்லாம் ஒரே விட்டம். துளைகளின் எண்ணிக்கையே கிண்ணத்தின் பெயர்: 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000. பெருந்துளைகள் கொண்ட இருபதில் தங்கிய முத்து முதல் வரிசை. அதில் விழுந்தது முப்பதுக்குப் போகும், அங்கும் விழுந்தது ஐம்பதுக்கு. ஆயிரத்தையும் கடந்து விழுந்தது தூள்.

இலங்கையின் மன்னார்க் கரையில், சிலாவத்துறைக்குத் தெற்கே, மோதரகம் ஆற்றை அண்டி இருக்கும் இந்த ஊரின் மணலில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துக்குளிப்பு முகாம்கள் எழுந்தன. ஒரு பருவத்துக்கு மட்டும் உயிர்த்து, பருவம் முடிந்ததும் கலைந்துபோகும் நகரங்கள். 1906இல் இலங்கை சிவில் சேவையின் இளம் அதிகாரியாக இங்கே கடமை பார்த்த லெனார்ட் வூல்ஃப், பின்னாளில் இந்த முத்துக்குளிப்பை வைத்தே ஒரு சிறுகதை எழுதினார். கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் குளியாட்கள் வந்தார்கள். பாரசீக வளைகுடாவிலிருந்து அரபுக் குளியாட்கள் வந்தார்கள். வணிகர்கள் எத்தனையோ மொழி பேசினார்கள். அத்தனை பேருக்கும் நடுவில் "இது நூறு, இது இருநூறு" என்று ஐயமின்றிச் சொன்ன நாவு அந்தப் பித்தளைக் கிண்ணங்களுடையது.

இந்தப் பத்துச் சல்லடைகளையும் கணினியில் வரைந்து பார்ப்போமா? இலவசமாகக் கிடைக்கும் ஃபிரீகேட் என்ற மென்பொருள் போதும். வரைவதைவிட, வரைந்ததைச் சுற்றி வந்து நிதானமாகப் பார்ப்பதே நம் நோக்கம். இயந்திரப் பாகங்களைக் கணினியில் வடிப்பவர்களிடம் சில அழகிய பழக்கங்கள் உண்டு. நல்ல மாதிரியுருவைத் திறக்கும்போது வரும் இனிய நிம்மதிக்கு அந்தப் பழக்கங்களே காரணம். மறிச்சுக்கட்டிச் சல்லடைகள் அவற்றை ஒவ்வொன்றாகக் காட்டித்தரும்.

முதலில் எண்களின் நடையைக் கேளுங்கள். இருபது, முப்பது, ஐம்பது, எண்பது என்று வாய்விட்டுச் சொன்னாலே அதில் ஓர் ஏற்றம் தெரியும். எண்பதிலிருந்து நூறுக்கு ஒரு சிறு அடி. அங்கே மூச்சு வாங்கிக்கொண்டு இருநூறு, நானூறு என இரட்டித்து, பிறகு அறுநூறு, எண்ணூறு, ஆயிரம் எனச் சமநடை. முதல் நான்கை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். 20இலிருந்து 80க்கு மூன்று படிகள். மூன்று படியில் நான்கு மடங்காக வேண்டுமென்றால் ஒரு படிக்குச் சராசரியாக 1.587 மடங்கு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு இராணுவப் பொறியாளர் சார்ல்ஸ் ரெனார், பலூன்களைக் கட்டும் கயிறுகளின் 425 அளவுகளை 17ஆகக் குறைத்தார். அவர் தேர்ந்த பெருக்குத் தொடர்களே இன்று ஐஎஸ்ஓ 3 என்ற தரமாக உலகெங்கும் நிற்கின்றன. ஒன்றிலிருந்து பத்துவரை ஐந்து சமப் பெருக்குகளில் ஏறும் அவருடைய தொடரில் ஒரு படி 1.585. முத்துக்குச் சல்லடை வகுத்த கைகளும் கயிற்றுக்கு அளவு வகுத்த கையும் இத்தனை நெருக்கமாக ஒரே படியை மிதித்திருப்பதை எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காது.

சீரான வடிவமைப்பு கணினியைத் திறக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது என்பதை இந்த எண்கள் சொல்கின்றன. எந்த அளவுகள் புழங்கலாம் என்று முதலில் தீர்மானித்துக்கொள்ளும் அடக்கம் அது. திருகாணியா, 5, 6, 8, 10 மில்லிமீற்றர் என்று கடையில் கிடைக்கும் படிகளிலேயே நிற்பது. தகட்டின் தடிப்பா, விற்பனையில் உள்ள தடிப்பையே எடுப்பது. நினைத்த அளவுக்கெல்லாம் கடையில் ஆணி கிடைக்காது என்பதை நினைவில் வைத்திருக்கும் கை, வரையும்போதே பட்டறையை மதிக்கிறது.

இனி, வெறுமையான திரையில் ஒரு புள்ளி. அதை ஒரிஜின் என்பார்கள். அதன் வழியே செல்லும் மூன்று தளங்கள். மேலிருந்து பார்க்க ஒன்று, முன்னிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று. வேறு எதுவும் இல்லாத அந்தத் திரை எத்தனை கண்ணியமானது! பனையோலைப் பாய் இழைக்கும் பெண்கள் முதல் ஓலைகளைக் கோத்து மூலை எடுக்கும்போது காட்டும் கவனம்தான் இங்கும் வேண்டும். மூலை நேரானால் பாய் முழுவதும் நேராகும். சல்லடையின் மையத்தை ஒரிஜினில் வைக்கிறோம். அதன் அச்சு நிமிர்ந்து நிற்கிறது. கிண்ணத்தின் அடி மேலிருந்து பார்க்கும் தளத்தில் அமர்கிறது. இனி யார் இந்தக் கோப்பைத் திறந்தாலும் எது மேல், எது கீழ், எது நடு என்று கேட்க வேண்டியதில்லை. சமச்சீரான பொருளுக்கு நடுவிலேயே நடு அமைவது எவ்வளவு இதமானது என்பதைத் திரையில் கிண்ணத்தைச் சுழற்றிப் பார்க்கும்போது கண் உணரும். எங்கோ மூலையில் பிறந்த மாதிரியுரு சுழலும்போது பார்வையை விட்டு ஓடும். இது நின்ற இடத்திலேயே நளினமாகத் திரும்பும்.

அடுத்து ஸ்கெட்ச், அதாவது ஒரு தளத்தில் இடும் கோட்டுப்படம். கிண்ணத்தை முழுதாக வரைய வேண்டாம். அச்சை ஒட்டி அதன் பாதி வெட்டுமுகத்தை மட்டும் வரைந்து, அச்சைச் சுற்றி ஒரு முறை சுழற்றினால் போதும். அடி ஒரு கோடு, சுவர் சற்றே சாய்ந்த ஒரு கோடு, விளிம்பு ஒரு சிறு மடிப்பு. வளைவுகளைக்கூட இப்போது வரையாமல் விடலாம். இத்தனை குறைந்த கோடுகளில் ஒரு கிண்ணம் முழுவதும் அடங்கிக் கிடப்பதைப் பாருங்கள். கைதேர்ந்த வடிவமைப்பாளரின் ஸ்கெட்ச் எப்போதும் இப்படித்தான் மெலிந்திருக்கும். பத்து எளிய ஸ்கெட்சுகளாக இருக்கவேண்டியதை ஒரே ஸ்கெட்சில் திணிக்க மாட்டார்.

அந்த மெல்லிய கோடுகளுக்கு இப்போது உறவு சொல்கிறோம். இது கிடை, இது அச்சில் தங்கும், இவ்விரண்டும் இணை, இந்தத் தடிப்பு அந்தத் தடிப்புக்குச் சமம். பிறகுதான் அளவுகள். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கோடுகளின் ஆட்டம் குறைகிறது. கடைசி உறவு பொருந்தியதும் ஃபிரீகேட்டில் ஸ்கெட்ச் முழுவதும் பச்சையாகிவிடும். சொலிட்வேர்க்ஸ் என்ற மென்பொருளில் நீலமாக இருந்த கோடுகள் கறுப்பாகும். நிறம் மாறும் அந்தக் கணத்தை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். இனி இந்த வடிவத்தில் தற்செயல் என்று எதுவும் மிச்சமில்லை. ஒவ்வொரு கோடும் ஏன் அங்கே நிற்கிறது என்பதற்குக் காரணம் சொல்லப்பட்டாயிற்று. கோடுகளுக்கு உறவு சொல்லும் இந்த அழகிய எண்ணம் 1963இலேயே பிறந்தது. எம்ஐடியில் இவான் சதர்லாந்து தம் முனைவர் ஆய்வுக்காக உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்ற நிரல், ஒளிப்பேனாவால் திரையில் வரைந்த கோணலான கோடுகளை "இணையாக இரு, சமமாக இரு" என்று சொல்லி நிமிர்த்தியது.

இந்த உறவுகளில் ஒரு நுட்பம் உண்டு. கிண்ணத்தின் வெளிவிட்டத்தையும் உள்விட்டத்தையும் தனித்தனி எண்களாக எழுதலாம். உள்விட்டத்தையும் தகட்டுத் தடிப்பையும் எழுதி வெளிவிட்டத்தைத் தானாக வரவிடலாம். திரையில் இரண்டும் ஒரே கிண்ணம். ஆனால் செய்பவர் கையில் இருப்பது தகடு; முத்து விழுவது உள்ளே. ஆகவே இரண்டாவதுதான் உண்மையைச் சொல்கிறது. அளவு எழுதும் இடத்திலேயே பொருளின் நோக்கத்தை எழுதிவிடும் இந்தப் பாங்கு, நல்ல மாதிரியுருவின் மிக நுண்ணிய அழகு.

திரையின் இடப்பக்கத்தில் ஒரு மரம் வளர்வதைக் கவனியுங்கள். எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை என்ற வரலாறு அதில் கிளைகளாக இறங்குகிறது. வரலாற்றைத் தாங்கும் இந்த வகை வடிவமைப்பை 1988இல் வந்த ப்ரோ எஞ்சினியர் என்ற மென்பொருள் பரவலாக்கியது. மென்பொருள் தானாக இடும் பெயர்கள் "ஸ்கெட்ச் 001", "ஸ்கெட்ச் 002" என்று முகமற்றவை. அவற்றை அழித்து "கிண்ண உடல்", "துளை", "துளை வரிசை", "விளிம்பு வளைவு" என்று எழுதுங்கள். ஃபிரீகேட் தமிழ்ப் பெயர்களை மகிழ்ந்து ஏற்கும். மரம் இப்போது வாசிக்கத்தக்க ஒரு பத்தியாகிவிட்டது. மேலிருந்து கீழே படித்தால் கிண்ணம் பிறந்த கதை தெரியும். ஆறு மாதம் கழித்து வருபவருக்கும் தெரியும்.

அந்த மரத்திலேயே இன்னொரு நயம் ஒளிந்திருக்கிறது. புதிய ஸ்கெட்சை ஏற்கெனவே செய்த பொருளின் முகத்தில் ஒட்டிவிடுவது எளிது. அந்த முகம் பின்னர் மாறினால் ஒட்டியது எங்கே போகும் என்று மென்பொருளே தடுமாறும். 2024 நவம்பரில் வந்த ஃபிரீகேட் 1.0 இந்தத் தடுமாற்றத்தைப் பெரிதும் தணித்தது. ஆனாலும் தேர்ந்த கைகள் ஒரிஜின் தளத்திலோ, அதிலிருந்து அளந்து வைத்த துணைத் தளத்திலோதான் ஸ்கெட்சை நிறுத்துகின்றன. விளிம்பின் மென்மையான வளைவுகளை மரத்தின் கடைசியில்தான் சேர்க்கின்றன. வளைவு ஓர் அலங்காரம். அதன்மேல் வேறொன்றும் சார்ந்து நிற்கக்கூடாது. எதை எதன்மேல் சார்த்தலாம், எதன்மேல் சார்த்தக்கூடாது என்று தெரிந்திருக்கும் இந்தப் பக்குவத்தால்தான் மாதிரியுரு நீண்ட காலம் வாழ்கிறது.

இப்போது துளைகளுக்கு வருவோம். இங்கேதான் மனம் அதிக நேரம் தங்கும். ஆயிரம் வட்டங்களை ஆயிரம் முறை வரையலாமா? ஒரு துளையை வரைந்து, மற்றவை அதைப் பின்பற்றட்டும். எந்த ஒழுங்கில் பின்பற்றுவது? தேன்கூட்டின் அறுகோண ஒழுங்கு உடனே கண்ணை இழுக்கிறது. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, அதற்கும் வெளியே பன்னிரண்டு, கூட்டினால் 19. நமக்கு வேண்டியதோ 20. ஒரேயொரு துளை நுழைய இடம் கேட்டு நிற்கிறது. முப்பதுக்கும் ஐம்பதுக்கும் அதே சிக்கல். ஒவ்வொரு சல்லடைக்கும் தனித்தனி ஏற்பாடு செய்தால் பத்தும் பத்துக் குடும்பமாகிவிடும்.

சூரியகாந்திப் பூ விதைகளை அடுக்கும் விதி இங்கே கைகொடுக்கிறது. நடுவிலிருந்து ஒவ்வொரு துளையும் முந்தியதற்கு 137.5 பாகை திரும்பி அமரட்டும். அது நடுவிலிருந்து விலகும் தூரம் அதன் வரிசை எண்ணின் வர்க்கமூலத்தைப் பொறுத்து வளரட்டும். இருபது என்றாலும் ஆயிரம் என்றாலும் துளைகள் வட்டமெங்கும் சமமாகப் பரவும். ஒரு சிறு பைதன் நிரல் அந்தப் புள்ளிகளைக் கணித்துத் தரும். இந்தச் சுருள் ஒழுங்கு மறிச்சுக்கட்டிப் பித்தளைக்கு நாம் இங்கே அணிவிக்கும் அணி. பத்துக்கும் பொருந்தும் ஒரே விதியைத் தேடிக் கண்டடையும்போது கிடைக்கும் இன்பமே சீரான வடிவமைப்பின் உயிர்.

விட்டத்துக்கும் இதேபோல் ஒரு விதி வைப்போம். கிண்ணத்தின் அடி 70 மில்லிமீற்றர் அகலம். துளைகளின் மையங்கள் பரவும் வட்டம் 60 மில்லிமீற்றர். துளைகளின் மொத்தப் பரப்பு, அந்த வட்டத்தின் பரப்பில் நூற்றுக்கு 30. துளை எண்ணிக்கையைச் சொன்னால் விட்டம் தானே வரும். இருபதுக்கு ஏறக்குறைய 7.3 மில்லிமீற்றர். ஆயிரத்துக்கு ஒரு மில்லிமீற்றரைச் சற்றே தாண்டும். அந்த ஆயிரத்தில் இரு துளைகளுக்கு நடுவே நிற்கும் பித்தளை ஏறக்குறைய அரை மில்லிமீற்றர். இந்த எண்கள் எல்லாம் ஸ்கெட்சுக்குள் சிதறிக் கிடக்காமல், ஓர் அட்டவணையில் பெயரோடு அமர்ந்திருக்கின்றன: அடி விட்டம், தகட்டுத் தடிப்பு, திறப்பு வீதம், துளை எண்ணிக்கை. கடைசிக் கட்டத்தில் 20ஐ அழித்து 400 என்று எழுதி, நிரலை மீண்டும் ஓட்டுங்கள். கிண்ணம் ஒரு கணம் யோசித்து, நானூறு கண்களோடு சிரிக்கும். தாய் ஒன்று, பிள்ளைகள் பத்து. ஸ்கெட்ச்பேட்டிலும் மூலப்படத்தைத் திருத்தினால் அதன் பிரதிகள் எல்லாம் கூடவே திருந்தின. அறுபது ஆண்டுகள் கழிந்தும் அந்த எண்ணத்தின் புதுமை வாடவில்லை.

இந்த விதிக்குள் இன்னொரு பரிசும் ஒளிந்திருக்கிறது. துளைகள் எத்தனை ஆனாலும் அவற்றின் மொத்தப் பரப்பு மாறவில்லை அல்லவா? அப்படியானால் வெட்டி எடுத்த பித்தளையும் மாறவில்லை. பத்துச் சல்லடைகளும் ஒரே எடை! பொருள் பித்தளை என்று கோப்பிலேயே குறித்து வைத்திருந்தால், மென்பொருள் எடையைச் சொல்லும். இருபதின் எடையும் ஆயிரத்தின் எடையும் ஒத்துப்போனால் விதி எங்கும் பிசகவில்லை. ஒரு துளை ஓடிப்போயிருந்தாலும், இரண்டு துளைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருந்தாலும் எடை காட்டிக்கொடுத்துவிடும். அட்டவணையின் இரு கோடிகளையும் தொட்டுப் பார்த்து, நடுவில் உள்ளவற்றை நம்பலாம் என்று அறியும் இந்தப் பழக்கம் எத்தனை நேர்த்தியானது!

சல்லடைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி அசெம்பிளி ஆக்கும்போது இந்த நேர்த்தி கனிந்து வருகிறது. முதல் கிண்ணத்தை ஒரிஜினில் அசையாமல் நிறுத்துகிறோம். அடுத்ததன் அச்சு முதலாவதன் அச்சோடு சேர்கிறது; அதன் அடி முந்தியதிலிருந்து சொன்ன தூரத்தில் நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் நடு நடுவிலேயே இருந்ததால், பொருத்தும் வேலை ஏறக்குறைய தானே நடந்துவிடுகிறது. தொடக்கத்தில் அந்த வெறுமையான திரையில் காட்டிய பொறுமைக்கு இங்கே பலன் கிடைக்கிறது.

இதே மன்னார்க் கரையில் இந்த அழகைப் பேருருவில் காணலாம். மன்னார்த் தீவின் தென்கரையில் இலங்கை மின்சார சபை 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனி காற்றாலைப் பூங்காவில் 30 காற்றாலைகள் நிற்கின்றன. வெஸ்டாஸ் வி126 வகை, ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட், சேர்த்து 103.5 மெகாவாட். 126 என்பது சுழலும் இறக்கைகள் வரையும் வட்டத்தின் விட்டம், மீற்றரில். ஒரு காற்றாலையைப் பார்த்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். ஒரே தாயின் பிள்ளைகள் என்பதைக் கண்ணே சொல்லும். கோபுரம் துண்டு துண்டாக வந்து, உருக்கு வளையங்களின் துளைகளில் ஆணிகள் இறங்கி ஒன்றாகிறது. கீழ்த்துண்டின் துளைகளும் மேல்துண்டின் துளைகளும் கடற்கரையில் முதன்முறை சந்திக்கும்போதே கைகுலுக்க வேண்டும். முத்துச் சல்லடையின் துளையானாலும் கோபுர வளையத்தின் துளையானாலும், ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை பொருந்தும் என்ற நம்பிக்கை ஒன்றுதான்.

கடைசியாகத் தாளில் இறங்கும் வரைபடம். வார்ப்புருவிலேயே அலகு, பொருள், தயாரித்தவர், சரிபார்த்தவர், திருத்த எண் எல்லாம் எழுத இடம் இருக்கும். எந்த முகத்தை எங்கே வரைந்திருக்கிறோம் என்று சொல்லும் அந்தச் சின்னக் கூம்புக் குறி மூலையில் நிற்கும். துளைகளுக்கு ஆயிரம் அம்புக்குறி தேவையில்லை. ஒரு துளையைத் தொட்டு "1000 ×" என்று எழுதினால் போதும். ஒவ்வோர் அளவும் ஒரே ஒரு முறை மட்டும் வரும். சொல்லாமல் விட்ட அளவுகளுக்கு எவ்வளவு தளர்வு என்பதை ஐஎஸ்ஓ 2768 என்ற ஒற்றைக் குறிப்பு சொல்லிவிடும். வேண்டியதைச் சொல்லி, வேண்டாததைச் சொல்லாமல், வெண்மையை வெண்மையாக விட்டிருக்கும் அந்தத் தாளில் ஒரு மரியாதை இருக்கிறது. படிப்பவரின் நேரத்துக்கும் அறிவுக்கும் செய்யும் மரியாதை.

கோப்பின் பெயரிலும் அந்த மரியாதையைக் காணலாம். "புதியது", "கடைசி", "உண்மையான கடைசி" என்ற பெயர்களின் கூச்சல் இங்கே இல்லை. பொருள், எண், திருத்தம் என்ற ஒரே வரிசை. பெயரைப் பார்த்தே எது எதற்குப் பின் வந்தது என்று தெரியும். திருத்தத்தின் காரணம் ஒரு வரியில் கூடவே நிற்கும்.

இத்தனை நயங்களையும் சேர்த்துப் பார்த்தால் எல்லாம் ஒரே பண்பின் வெவ்வேறு முகங்கள் என்று புலப்படும். நடுவை நடுவில் வைப்பது, உறவுகளை முழுதாகச் சொல்வது, பெயரிடுவது, எண்களை ஓரிடத்தில் வைப்பது, பத்துக்கும் ஒரு விதி தேடுவது, எடையால் சரிபார்ப்பது. இவை யாவும் தனக்குப் பிறகு வரும் முகம் தெரியாத ஒருவரை மனதில் வைத்துச் செய்பவை. அவர் ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றுவார். மாற்றியதும் மற்றவை குலையாமல் நிற்க வேண்டும். மறிச்சுக்கட்டி முகாமில் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாத வணிகர்கள் ஒரு முத்தின் பருமனை ஒப்புக்கொண்டார்கள். சல்லடை யார் கையில் இருந்தாலும் நூறு நூறாகவே இருந்தது. கணினியில் வடிக்கும் பொருளுக்கும் அதைவிட உயர்ந்த அழகு வேறில்லை. நீங்கள் வரைந்த ஒரு கோப்பைத் திறந்து, அதில் ஏதாவது ஓர் எண்ணை இன்றைக்கே மாற்றிப் பாருங்கள். குலையாமல் நின்றால், அந்த வேலையை ஊரறியப் பெருமையோடு காட்டலாம்.